மரணக் கணக்கிலிருந்து காரணத்தைத் தேடுவது: சிகாகோவின் 14 ஆண்டுத் தரவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காற்றில் தூசி கூடிய நாட்களில் ஒரு நகரத்தில் மரணமும் கூடுகிறது. தூசிதான் காரணமா, அன்றைய வெயிலா, இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்ட வேறொன்றா? எது காரணம், எது விளைவு என்று நாமே தீர்மானித்துக் கொடுத்தால் அந்த விளைவின் அளவைச் சொல்வது ரெக்ரஷன். காரணத் தேடல் அல்காரிதங்களின் வேலை அதற்கும் முந்தியது. எந்த மாறியிலிருந்து எந்த மாறிக்கு அம்பு போடலாம் என்பதையே அவை தரவிலிருந்து தேடுகின்றன.

சுற்றுச்சூழல் சுகாதாரத் தரவில் இந்த அல்காரிதங்கள் எளிதில் ஏமாந்துபோகும். எல்லா மாறிகளும் பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன, நேற்றைய மதிப்பு இன்றும் தொடர்கிறது, தேடும் விளைவோ மிகச் சிறியது. அல்காரிதத்தை ஓட்டுவது சில நிமிட வேலைதான். அதற்கு முந்தைய தயாரிப்பும் பிந்தைய சோதனையும்தான் முடிவின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் தரவு, ஆர் மொழியின் டிஎல்என்எம் தொகுப்போடு இலவசமாக வருகிறது. காற்று மாசுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைப் பல அமெரிக்க நகரங்களில் பார்த்த என்மேப்ஸ் ஆய்வுக்காகத் திரட்டப்பட்ட சிகாகோ நகரத் தரவு இது. 1987 ஜனவரி 1 முதல் 2000 டிசம்பர் 31 வரை 5,114 நாட்கள். நாளுக்கு ஒரு வரிசை. மொத்த மரணம், இதய நோய் மரணம், சுவாச நோய் மரணம், சராசரி வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலை), ஒப்பு ஈரப்பதம், பிஎம்10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட காற்றுத் தூசி), ஓசோன் ஆகியவை அதில் உள்ளன. தேடலுக்குப் பைதானில் டிக்ராமைட் நூலகம் போதும். சாதாரண மடிக்கணினியே இந்த வேலையைத் தாங்கும்.

அம்பு எப்படிக் கிடைக்கிறது?

பீட்டர் ஸ்பர்ட்டீஸ், கிளார்க் கிளைமோர் இருவரும் 1991-இல் வெளியிட்ட பிசி அல்காரிதம்தான் இந்தக் குடும்பத்தின் மூலம். முதலில் அது எல்லா மாறிகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைக்கும். பிறகு ஒவ்வொரு கோட்டையும் அழிக்கப் பார்க்கும். ஓசோனும் மரணமும் சேர்ந்து ஏறுகின்றன. ஆனால் ஒரே வெப்பநிலை உள்ள நாட்களை மட்டும் ஒப்பிட்டால் அந்த உறவு மறைந்துவிடுகிறது என்றால், ஓசோன்-மரணக் கோடு அழிக்கப்படும். இதுதான் நிபந்தனைச் சார்பின்மைச் சோதனை.

திசை கிடைப்பது வேறு வழியில். வார இறுதிக்கும் வெப்பநிலைக்கும் எந்த உறவும் இல்லை. வார இறுதியில் போக்குவரத்து குறைவதால் பிஎம்10 மாறும், வானிலையாலும் மாறும். இப்போது பிஎம்10 ஒரே அளவில் இருந்த நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதுவரை உறவே இல்லாத வார இறுதியும் வெப்பநிலையும் திடீரென்று உறவு காட்டும். இரண்டு அம்புகள் ஒரே மாறியில் வந்து முட்டும்போது மட்டுமே இப்படி நடக்கும் என்பதால், அல்காரிதம் இரண்டு அம்புகளையும் பிஎம்10-ஐ நோக்கித் திருப்பிவிடும். இப்படி முட்டும் இடம் இல்லாத கோடுகள் திசை தெரியாமலே நிற்கும். அது அல்காரிதத்தின் குறை அல்ல. தரவில் அவ்வளவுதான் இருக்கிறது.

படி 1: மாறிகளைத் தேர்ந்தெடுங்கள், சிலவற்றைக் கட்டாயம் விடுங்கள்

கையில் இருக்கும் எல்லாப் பத்திகளையும் அல்காரிதத்துக்குள் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சிகாகோ தரவிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

வெப்பநிலை, பனிநிலை, ஒப்பு ஈரப்பதம் மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைச் சூத்திரத்தால் கணக்கிட்டுவிடலாம். மூன்றையும் சேர்த்தால், பனிநிலையையும் ஈரப்பதத்தையும் நிபந்தனையாக வைத்த உடனே வெப்பநிலையில் மிச்சம் என்று கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. உடனே 'வெப்பநிலைக்கும் மரணத்துக்கும் உறவில்லை' என்று அல்காரிதம் முடிவு கட்டி, உண்மையான கோட்டையே அழித்துவிடும். ஒன்றையாவது வெளியே எடுங்கள். விடுபட்ட நாட்கள் இருப்பதால் ஒப்பு ஈரப்பதத்தை விடுவது நல்லது.

மொத்த மரணத்துக்குள் இதய நோய் மரணமும் சுவாச நோய் மரணமும் அடக்கம். முழுமையையும் அதன் பகுதியையும் ஒன்றாக வைத்தால் அவற்றுக்கிடையே வரும் வலுவான கோடு வெறும் கூட்டல் கணக்குதான். பிஎம்10, அதற்குள் அடங்கும் இன்னும் நுண்ணிய தூசியான பிஎம்2.5 இரண்டும் உள்ள தரவிலும் இதே சிக்கல் வரும், அங்கே பிஎம்2.5-ஐயும், இரண்டின் வித்தியாசத்தையும் தனித்தனி மாறிகளாக வையுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நான்கே மாறிகள் போதும்: வெப்பநிலை, பிஎம்10, ஓசோன், மொத்த மரணம். நான்கு மாறிகளை 3 நாள் தாமதம் வரை, அதாவது முந்தைய மூன்று நாள் மதிப்புகளோடும் சேர்த்துப் பார்த்தால் 48 தாமதக் கோடுகளும் 6 அதே-நாள் கோடுகளும், ஆக 54 கோடுகள் சோதனைக்கு வரும். 0.01 என்ற வரம்பில், அதாவது நூறு சோதனைக்கு ஒரு பொய்க் கோட்டை அனுமதித்தால், தற்செயலாக வரும் பொய்க் கோடு சராசரியாக அரைதான். பன்னிரண்டு மாறிகளை 14 நாள் தாமதம் வரை பார்த்தால் 2,082 கோடுகள். அவற்றில் சுமார் 20 கோடுகள் தற்செயலாகவே வந்து நிற்கும்.

படி 2: தேடும் விளைவு கண்ணுக்குத் தெரியுமா என்று கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. ஒரு காகிதத்தில் போட்டுவிடக்கூடிய கணக்குதான்.

பிஎம்10 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் தினசரி மரணம் 0.41% கூடும் என்று என்மேப்ஸ் ஆய்வு முதலில் சொன்னது. அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் இயல்பு அமைப்பில், விடை ஒரே எண்ணில் நிலைகொள்ளும் முன்பே கணக்கு நின்றுவிடுகிறது என்பது 2002-இல் தெரியவந்தது. கடுமையான அமைப்பில் மறுபடி ஓட்டியபோது அது 0.27% ஆனது; வேறு மாதிரியில் 0.21%. மென்பொருளின் இயல்பு மதிப்புகளைப் பார்க்காமல் விடக் கூடாது என்பதற்கு இந்தத் துறையில் இதைவிட நல்ல சான்று இல்லை.

அந்த 0.21%-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் நாளுக்குச் சராசரியாக 115 மரணங்கள். எண்ணிக்கைத் தரவு என்பதால் எந்தக் காரணமும் இல்லாமலே அது 115-இன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 10.7 அளவுக்கு ஆடும். பருவத்தை நீக்கிய பின் பிஎம்10-இன் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 15 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு திட்டவிலக்க உயர்வு நாளுக்கு 0.36 மரணத்தைக் கூட்டும். 0.36-ஐ 10.7-ஆல் வகுத்தால் 0.034. அல்காரிதம் பிடிக்க வேண்டிய பகுதி ஒட்டுறவு, அதாவது மற்ற மாறிகளின் பங்கை நீக்கிய பின் மிஞ்சும் உறவு, இதுதான்.

5,114 நாள் தரவில் ஒட்டுறவின் திட்டப்பிழை (தற்செயலாக ஆடும் அளவு) 0.014. விளைவு அதைப் போல 2.4 மடங்கு, 0.01 வரம்பைத் தாண்ட 2.58 மடங்கு வேண்டும். ஆக, 14 ஆண்டுத் தரவு இருந்தும் பிஎம்10-மரண அம்பு பல நேரம் வராது. பத்தில் எட்டு முறையாவது வர வேண்டுமானால் 10,000 நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட 28 ஆண்டுத் தரவு தேவை. என்மேப்ஸ் 90 நகரங்களைச் சேர்த்துப் பார்த்ததன் நியாயம் இங்கே புரியும்.

சென்னையிலும் இதே வகை ஆய்வு நடந்திருக்கிறது. 2002 முதல் 2004 வரையிலான தினசரி மரணத்தையும் பிஎம்10-ஐயும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, 10 மைக்ரோகிராமுக்கு சுமார் 0.4% உயர்வைக் கண்டது. கேள்வியை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு ரெக்ரஷன் வழியில் செய்ததால் அது முடிந்தது. மூன்றாண்டுத் தரவில் திட்டப்பிழை 0.03 வரும், அதை வைத்துக்கொண்டு திசை தெரியாத தேடலில் இறங்கினால் கைக்கு எதுவும் வராது.

வெப்ப அலையின் விளைவு அப்படியல்ல. அது பெரியது, தேடலில் கிடைக்கக்கூடியது.

படி 3: தரவைத் தயார் செய்யுங்கள்

விடுபட்ட மதிப்புகளை இடைச்செருகி நிரப்பாதீர்கள். முந்தைய நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் ஒரு மதிப்பைப் போட்டால், நாளைய தகவல் இன்றைக்குள் கசிந்துவிடும். காலத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் அல்காரிதத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. டிக்ராமைட்டில் விடுபட்ட இடங்களுக்கு 999 போன்ற ஒரு குறி எண்ணைக் கொடுங்கள். அந்த நாட்களை அது தானாகவே ஒதுக்கிவிடும். தாமதத்தைக் கூட்டக் கூட்ட இப்படி ஒதுக்கப்படும் நாட்களும் கூடும். தாமதத்தைச் சிறிதாக வைக்க இது இன்னொரு காரணம்.

மூன்று நாள் நகரும் சராசரியையும் உள்ளே விடாதீர்கள். ரெக்ரஷனில் அது பழக்கமான உத்திதான். தேடலில் அது அடுத்தடுத்த நாட்களுக்கிடையே செயற்கையான உறவை உண்டாக்கிவிடும்.

பருவத்தையும் நீண்டகாலப் போக்கையும் எல்லா மாறிகளிலிருந்தும் ஒரே முறையில் நீக்குங்கள். மரணத்திலிருந்து மட்டும் நீக்கினால் போதாது. ஒவ்வொரு மாறியையும் ஆண்டுக்கு 7 சுதந்திர அளவுகள் (கூடினால் கோடு அதிகம் வளையும்) கொண்ட கால ஸ்ப்லைன் என்ற வழவழப்பான வளைகோட்டில் பொருத்தி, மிஞ்சும் எச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14 ஆண்டுக்கு 98. என்மேப்ஸ் பயன்படுத்தியதும் ஆண்டுக்கு 7-தான். ஆண்டுக்கு 2 என்று வைத்தால் பருவத்தின் மிச்சம் எல்லா மாறிகளிலும், குளிர்காலக் காய்ச்சல் அலைகள் மரணத்திலும் தங்கிவிடும். 25, 30 என்று வைத்தால் பல நாள் நீடித்த உண்மையான விளைவையும் ஸ்ப்லைன் விழுங்கிவிடும். 4, 7, 12 மூன்றிலும் ஓட்டி, எந்த அம்புகள் நிலைக்கின்றன என்று பாருங்கள்.

வெப்பநிலைக்கென்று தனிக் கவனம் தேவை. சிகாகோவில் கடும் வெயிலும் மரணத்தைக் கூட்டும். கடும் குளிரும் கூட்டும். நேர்கோட்டுச் சோதனையை ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக வைத்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, 'வெப்பநிலைக்கு விளைவே இல்லை' என்று காட்டக்கூடும். குளிரின் விளைவு வாரக்கணக்கில் பரவுவது. வெயிலின் விளைவு அன்றும் அடுத்த ஓரிரு நாளும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் தனியாக எடுங்கள்: ஆண்டுக்கு 122 நாள், மொத்தம் 1,708 நாள். ஸ்ப்லைனை முழு ஆண்டுக்கும் பொருத்திய பிறகே முகமூடி போட வேண்டும், அதாவது கோடை தவிர்ந்த நாட்களை மறைக்க வேண்டும். அந்த முகமூடியையும் விளைவு நாளுக்கு மட்டும் போடுங்கள்; அப்போதுதான் ஜூன் 1-க்கான முந்தைய நாட்களை மே மாதத்திலிருந்து எடுக்க முடியும்.

அடுத்தது 1995 ஜூலை. அந்த மாத நடுவில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். நாளுக்கு 115 என்று போகும் தொடரில் ஒரு நாள் 400-ஐத் தாண்டி நிற்கிறது. சாதாரணப் பகுதி ஒட்டுறவை அந்தச் சில நாட்களே முழுதாகத் தீர்மானித்துவிடும். அந்த நாட்களை நீக்கிவிடுவது நியாயமில்லை. அவை உண்மையான மரணங்கள், நாம் தேடும் விளைவே அங்கேதான் உரக்கத் தெரிகிறது. ஒவ்வொரு மாறியையும் தரவரிசைப்படி இயல்நிலைப் பரவலுக்கு (மணி வடிவப் பரவல்) மாற்றிக்கொள்ளும் வலுவான பகுதி ஒட்டுறவுச் சோதனை டிக்ராமைட்டில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். பிறகு 1995-ஐ விட்டுவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். வெப்பநிலை-மரண அம்பு அப்போதும் நின்றால் அது ஒரு வாரத்தின் கதை அல்ல.

படி 4: அல்காரிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிசியும், வரைபடங்களுக்கு மதிப்பெண் போட்டுத் தேடும் ஜிஇஎஸ் அல்காரிதமும் ஒவ்வொரு வரிசையும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொள்பவை. தினசரித் தரவில் அது பொய். லிங்காம் என்ற இன்னொரு அல்காரிதத்துக்கு இயல்நிலையல்லாத பிழைகள் வேண்டும். நாளுக்கு 115 என்ற எண்ணிக்கை இயல்நிலைக்கு மிக அருகில் இருப்பதால் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. 2018-இல் வந்த நோட்டியர்ஸ் அல்காரிதம் மாறியின் அலகைப் பொறுத்து அம்பை மாற்றிக்கொள்ளும் என்பது 2021-இல் எடுத்துக்காட்டப்பட்டது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றினால் காரணமே மாறிவிடக்கூடிய ஒரு முறையை மரணத் தரவுக்குப் பரிந்துரைக்க முடியாது.

தினசரித் தொடருக்கு யாகோப் ருங்கே குழுவின் பிசிஎம்சிஐ பிளஸ் பொருத்தமானது. தாமத உறவோடு அதே நாளுக்குள் நடக்கும் உறவையும் அது தேடும். வெயில் ஓசோனை உண்டாக்குவது சில மணி நேரத்துக்குள் நடப்பதால் அதே-நாள் கோடு நமக்குக் கட்டாயம் வேண்டும். அமைப்பு: அதிகபட்சத் தாமதம் 3, வரம்பு 0.01, வலுவான பகுதி ஒட்டுறவு.

பிசிஎம்சிஐ பிளஸ் ஒன்றை நம்பிக்கொண்டு ஓடுகிறது: இரண்டு மாறிகளைச் சேர்த்து இழுக்கும் காரணம் எதுவும் தரவுக்கு வெளியே இல்லை என்று. இங்கே இருக்கிறது. காற்றழுத்தம் இல்லை, காற்றின் வேகம் இல்லை, இன்ஃப்ளூயன்சா எண்ணிக்கை இல்லை. அதனால் மறைந்த காரணங்களை அனுமதிக்கும் எல்பிசிஎம்சிஐ-யையும் கூடவே ஓட்டுங்கள். அது மெதுவானது, முடிவிலும் வட்டக்குறிகள் (அந்த முனையில் அம்புத்தலை உண்டா என்று தெரியவில்லை) நிறைய வரும். இரு முனையிலும் தலை கொண்ட அம்பு வந்தால், அந்த இரண்டையும் வெளியே உள்ள ஏதோ ஒன்று சேர்த்து இழுக்கிறது என்று பொருள்.

படி 5: நடக்கவே முடியாத அம்புகளை முதல் ஓட்டத்தில் தடுக்காதீர்கள்

மரணம் வெப்பநிலையை மாற்றாது. ஆகவே அந்த அம்பை முன்கூட்டியே தடை செய்துவிடுவது வழக்கம். முதல் ஓட்டத்தில் அப்படிச் செய்யாமல் விடுங்கள். நடக்கவே முடியாத அம்பு ஒன்று வந்தால், தயாரிப்பில் எங்கே கோளாறு என்று அது காட்டிக்கொடுக்கும். முதலிலேயே தடை போட்டால் அந்தக் கோளாறு அப்படியே தங்கி, நாம் நம்பக்கூடிய வேறு அம்பாக உருமாறி வந்து நிற்கும்.

நேற்றைய மரணத்திலிருந்து இன்றைய வெப்பநிலைக்கு அம்பு வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். எங்காவது இடைச்செருகலோ இருபக்க நகரும் சராசரியோ நுழைந்திருக்கும். அல்லது 1995 ஜூலை வலுவிழக்காமல் அப்படியே இருக்கும். அல்லது சராசரி வெப்பநிலை மட்டும் உண்மையான வெக்கையைச் சொல்லப் போதாமல் இருக்கும்: இரவிலும் தணியாத ஈரப்பதமான வெயிலின் செய்தியை மரணம் சுமந்துகொண்டு நாளைய வெயிலை முன்னறிவிக்கும். மூன்றாவதாக இருந்தால் பனிநிலையைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

நேற்றைய ஓசோனிலிருந்து இன்றைய வெப்பநிலைக்கு அம்பு வருவதும் சாதாரணம். நகரத்தின் மேல் நகராமல் நிற்கும் உயரழுத்த மண்டலம் மாசையும் தேக்கும், அடுத்த நாள் வெயிலையும் ஏற்றும். நமது தரவில் அழுத்தம் இல்லாததால் ஓசோன் அதன் இடத்தில் நின்று பேசுகிறது. நகர விமான நிலையத்தின் காற்றழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் தேடிச் சேர்ப்பதே சரியான தீர்வு.

இந்த அம்புகள் மறைந்த பிறகு, அல்லது ஏன் மறையவில்லை என்று எழுதி வைத்த பிறகு, தடைகளைப் போடுங்கள்: மரணத்திலிருந்து எதற்கும் அம்பு கூடாது, மாசிலிருந்து வானிலைக்குக் கூடாது. வார இறுதியைச் சேர்ப்பதானால் 0, 1 என்ற மாறியாக, அதே நாளில் வெளியே போகும் அம்புகள் மட்டும் அனுமதித்துச் சேருங்கள். முந்தைய நாட்களைப் பார்த்தே இன்றைய கிழமையை உறுதியாகச் சொல்லிவிடலாம் என்பதால், அதற்குத் தாமதக் கோடுகளை அனுமதித்தால் சோதனைகள் குழம்பும். வார இறுதி-பிஎம்10 அம்பு வந்து, வார இறுதி-வெப்பநிலை அம்பு வராமல் இருந்தால் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது.

படி 6: போலித் தரவால் சோதியுங்கள்

மரணப் பத்தியை மட்டும் எடுத்து, ஆண்டுகளை மாற்றி அடுக்குங்கள். 1987-இன் மாசுக்கும் வானிலைக்கும் எதிரே 1992-இன் மரணம், 1988-க்கு எதிரே 1999 என்று. லீப் ஆண்டின் பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுங்கள். நாட்காட்டி அப்படியே இருக்கிறது, உண்மை உறவு அறுந்துவிட்டது. இப்போதும் மாசிலிருந்து மரணத்துக்கு அம்பு வந்தால் அது பருவத்தின் மிச்சம். படி 3-க்குத் திரும்பிப் போங்கள். 100 விதமாக மாற்றி அடுக்கி, ஒவ்வொரு அம்பும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

மறுபக்கச் சோதனையும் வேண்டும். உண்மையான வெப்பநிலையையும் பிஎம்10-ஐயும் வைத்துக்கொண்டு, 10 மைக்ரோகிராமுக்கு 0.3%, 1%, 3% என்று தெரிந்த விளைவோடு பாய்சான் எண்களாக (எண்ணிக்கைத் தரவுக்குரிய தற்செயல் ஆட்டம் கொண்ட எண்கள்) போலி மரணத் தொடர்களை உருவாக்குங்கள். அல்காரிதம் எந்த அளவிலிருந்து பிடிக்கத் தொடங்குகிறது என்பது அப்போது தெரியும். படி 2-இல் காகிதத்தில் போட்ட கணக்கை இது உறுதிசெய்யும்.

நிலைத்தன்மைக்கு, நாட்களைத் தனித்தனியாகக் கலைக்காமல் தொகுதியாக எடுத்து 200 மறுமாதிரிகளில் (இதே தரவிலிருந்து திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்த தரவுகள்) ஓட்டுங்கள். இதற்கான வசதி டிக்ராமைட்டிலேயே உண்டு. தொகுதி 30 நாள் இருக்கலாம். ஒரு அம்பு 90% மறுமாதிரிகளில் அதே திசையில் வந்தால் அதைப் பற்றிப் பேசலாம். 50%-க்குக் கீழே உள்ளதைப் படத்தில் போடவே வேண்டாம்.

படி 7: படத்தைப் படித்து, விளைவை அளவிடுங்கள்

திசையில்லாத கோடு என்றால் இரு திசையும் தரவோடு ஒத்துப்போகிறது. பெருக்கல் குறி உள்ள கோடு என்றால் சோதனைகள் ஒன்றோடொன்று முரண்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் தரவு போதாததன் அடையாளம். கோட்டின் நிறத்தையோ தடிமனையோ விளைவின் அளவாகப் படிக்காதீர்கள். நிறம் காட்டுவது சோதனையில் கிடைத்த ஒட்டுறவின் வலு. மரண எண்ணிக்கை அல்ல.

அளவுக்கு ரெக்ரஷனுக்குத் திரும்ப வேண்டும். கோடைப் படத்தில் வெப்பநிலையிலிருந்து ஓசோனுக்கும் மரணத்துக்கும் அம்பு இருக்கிறது, ஓசோனிலிருந்து மரணத்துக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலின் மொத்த விளைவு வேண்டுமானால் ஓசோனைச் சமன்பாட்டில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் வெயில் கொல்லும் வழிகளில் ஓசோனும் ஒன்று. ஓசோனின் விளைவு வேண்டுமானால் வெப்பநிலை, அதன் தாமதங்களோடு, கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். ஒரே சமன்பாட்டிலிருந்து இரண்டையும் படிக்க முடியாது. படம் வரைந்ததன் பயன் முக்கியமாக இந்த முடிவில்தான் இருக்கிறது.

பொருத்துவதற்கு எண்ணிக்கைத் தரவுக்கான குவாசி-பாய்சான் மாதிரியும், விளைவைப் பல நாட்களில் பரப்பிக் கணக்கிடும் டிஎல்என்எம் தொகுப்பின் தாமதப் பரவல் அடுக்கும் சரியானவை. படம் கண்டுபிடிக்கப் பயன்பட்ட அதே நாட்களில் விளைவை அளக்காதீர்கள். தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்ததால்தான் சில அம்புகள் தேர்வாகியிருக்கும், அளவும் மிகைப்பட்டு வரும். ஒற்றைப்படை ஆண்டுகளைத் தேடலுக்கும் இரட்டைப்படை ஆண்டுகளை அளவீட்டுக்கும் பிரிக்கலாம். 1995 எந்தப் பக்கம் விழுந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். பாதித் தரவில் பிஎம்10 போன்ற சிறிய விளைவு இன்னும் மங்கும். பிஎம்10-தான் உங்கள் கேள்வி என்றால் வேறு நகரங்களின் தரவைச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படி 8: எழுதும்போது

வரைபடத்தின் அடியிலேயே நூலகத்தின் பதிப்பு எண், சோதனையின் வகை, வரம்பு, தாமதம், ஸ்ப்லைன் அளவு, முகமூடி, தடைசெய்த அம்புகள், விடுபட்ட நாட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொடுங்கள். தடை போடுவதற்கு முந்தைய முதல் ஓட்டத்தின் படத்தையும் பின்னிணைப்பில் வையுங்கள். ஒவ்வொரு அம்பின் அருகிலும் இரண்டு எண்கள் இருக்கட்டும்: மறுமாதிரிகளில் எத்தனை சதவீதம் வந்தது, ஆண்டு மாற்றிய போலித் தரவில் எத்தனை சதவீதம் வந்தது. அம்பு வராத இடத்தில் 'விளைவு இல்லை' என்று எழுதாதீர்கள். போலித் தொடரில் எந்த அளவுக்குக் கீழே அல்காரிதம் கோட்டை விட்டதோ, அந்த அளவை எழுதி, அதற்குக் கீழான விளைவை இந்தத் தரவு மறுக்கவில்லை என்று சொல்லுங்கள்.